இரண்டரை நிமிடக் கோளாறு

நான் காது சோதிப்பவள். கண்ணாடி ஜன்னல் வைத்த, சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேக்கும்போதெல்லாம் அமுக்குங்க, எவ்வளவு மெதுவா இருந்தாலும் சரி" என்று சொல்வது என் பிழைப்பு. இருபது வருடமாக இதே வாக்கியம். தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுகிறேன் என்று என் கணவர் சொல்கிறார்.

அது பிழைப்பு. என் கலை வேறு. இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, ஒரு கையால் தட்டை முன்னும் பின்னும் இழுத்து, இன்னொரு கையால் ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் உள்ள சின்னக் கட்டையை இங்கும் அங்கும் தள்ளி, தட்டில் இல்லாத ஓசையைத் தட்டிலிருந்தே பிடுங்கி எடுப்பேன். இதற்கு ஸ்கிராட்ச் என்று பெயர். ஹிப்-ஹாப் பிறந்தபோது முன்னால் நின்றவன் தட்டுக்காரன்தான், மைக் பிடித்து ராப் பாடுகிறவன் அவன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன். இந்தச் செய்தியை நான் சொந்தபந்தங்களிடம் குறைந்தது இருநூறு தடவை சொல்லியிருப்பேன். இருநூறு தடவையும் அவர்கள் "அப்படியா" என்றார்கள்.

அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க பொண்ணு வேலை முடிஞ்சு வந்து என்ன செய்வா?" என்று கேட்டதற்கு, "அவ ராத்திரி சாப்பாடு வரைக்கும் தட்டு தேய்ப்பா" என்றாள். அந்தப் பெண்மணி இரக்கப்பட்டு, கையைப் புண்ணாக்காத சோப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். நல்ல சோப்புதான். இன்றைக்கும் அதைத்தான் வாங்குகிறோம்.

எனக்கு ஒரு தம்பி, என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒரு வானொலி நிலையம் பழைய சாமான்களைக் கழித்தபோது தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கி, மூன்று மாடி இறக்கி, நான்கு மாடி ஏற்றினோம். நான் தட்டு, அவன் வாய். எங்கள் ஜோடிக்கு 'நாக்கும் ஊசியும்' என்று பெயர் வைத்தோம். அவன் நாக்கு, நான் தட்டின் மேல் ஓடும் ஊசி. பேர் வைத்ததில் இருந்த பொருத்தம் பிற்பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்று வருடம் ஒன்றாக ஓட்டினோம். அப்புறம் ஒரு மெத்தைக் கம்பெனி அவனைத் தேடி வந்தது. விளம்பரத்துக்கு அரை நிமிட ராப். "அமுங்கு அமுங்கு" என்று ஆரம்பிக்கும். தம்பி அதை எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இதுக்கு நடுவுல நீ ரெண்டு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கும்" என்றான்.

"மெத்தையில ஊசி வைக்க மாட்டேன்" என்றேன்.

அன்று என் வாயிலிருந்து வந்ததிலேயே மிக உயர்ந்த வாக்கியம் அதுதான் என்று நினைத்தேன். கண்ணாடி முன் நின்று மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டுப் போய்த் தனியாகப் பாடினான். மெத்தை விற்றது. அவனும் விற்றான். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் 'ஊசி' என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று சொல்லி, அவனை வெறும் 'நாக்கு' ஆக்கினார்கள்.

பதினேழு வருடம் போயிற்று. அவன் பாட்டுகள் ஆட்டோவில், ஜிம்மில், செருப்புக் கடையில் எல்லாம் ஓடின. ஒவ்வொரு பாட்டிலும் தான் வந்துவிட்டதாக அறிவிப்பான். எங்கிருந்து வந்தான், எதற்கு வந்தான், எப்போது கிளம்புவான் என்று சொல்லவே மாட்டான். இதை நான் அவனிடமே சொன்னேன். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது சொன்னேன், அவனுக்குக் குழந்தை பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னேன். "இது ராப் இல்லடா, சரக்கு. ஹிப்-ஹாப் வேற." அவன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

நான் விலைபோகவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வாங்க யாரும் வரவில்லை என்ற பகுதியை விட்டுவிடுவேன். அந்தப் பதினேழு வருடத்தில் நான் ஜனங்களுக்கு முன்னால் வாசித்தது நான்கு முறை. அதில் ஒரு முறை நடுவில் மின்சாரம் போனது. அப்போதுதான் கைதட்டல் பலமாக இருந்தது.

போன வருடம் ஒரு நாள் தம்பி வேலையிடத்துக்கே வந்தான். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, பொத்தானைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினான்.

"அக்கா, புதுசா திறக்கிற மால்ல சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு ப்ரோக்ராம். நீ வந்து தட்டு போடுறியா?"

"திடீர்னு என்ன?"

"எல்லாமே லாப்டாப்லேர்ந்து வருதுன்னு பசங்க கிண்டல் பண்றாங்க. நேர்ல கையால செய்ற ஆள் வேணும். உன்னைவிட யார் இருக்கா?"

கடைசி வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். ஆனாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது செகண்ட் ஒதுக்கியிருக்கேன்."

"நாப்பது செகண்ட்ல நான் ஊசியத் துடைச்சு முடிக்க மாட்டேன். ஆறு நிமிஷம் குடு."

"ஆறு நிமிஷத்துல ஜனம் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துரும்க்கா."

இரண்டரை நிமிடம் என்று முடிந்தது பேரம். பின்னால் தாளம் மட்டும் லாப்டாப்பில் ஓடும், அதற்கு மேல் நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றான்.

ஒரு மாதம் தயாரானேன். என்னிடம் ஒரு பழைய தட்டு இருந்தது, உச்சரிப்புப் பாடம் நடத்துகிற தட்டு. அதில் ஒரு பெண்மணி ரொம்ப மரியாதையான குரலில், "தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வெட்டி, கிழித்து, தலைகீழாக்கி, எனக்குத் தெரிந்த பதினோரு வகை ஸ்கிராட்சையும் அதில் இறக்கினேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. இனி ஒரு மேடை எப்போது கிடைக்குமோ, கையில் இருப்பதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற ஆத்திரம். நோட்டுப் போட்டு நொடிக்கு நொடி எழுதிவைத்தேன். என் கணவர் குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவர், நிதானமான மனிதர். மூன்றாவது வாரம் கதவருகில் வந்து நின்று சொன்னார்: "பாவம், அந்தம்மாவ ஒரு தடவையாவது முழுசா சொல்ல விடேன்."

சனிக்கிழமை வந்தது. கறுப்புத் தொப்பி, கறுப்பு முகமூடி மாட்டிக்கொண்டேன். மர்மமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

மதியம் ஒலிச் சோதனை. மேடைக்கு எதிரே கூடாரத்துக்குள் ஒலியமைப்பாளர் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் முகம்கூடத் தெரியவில்லை. மைக்கில், "உங்க லைன் செக் பண்ணணும், ஏதாவது போடுங்க" என்றார். நான் ஒரு தட்டை வைத்து ஒரு சாதாரணப் பாட்டைச் சும்மா ஓடவிட்டேன். என் வித்தையை முன்கூட்டியே காட்டிவிட்டால் சாயங்காலம் அதன் அதிர்ச்சி குறைந்துவிடுமே. "போதும், நல்லா வருது" என்றார். ஸ்கிராட்ச் என்று ஒரு வார்த்தைகூட நான் அவரிடம் சொல்லவில்லை. கலையை விளக்கக் கூடாது என்பது அன்றைக்கு மட்டும் எனக்கு வந்த கொள்கை.

சாயங்காலம் ஆறு மணி, மால் வாசல் நிறையக் கூட்டம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் தம்பி என் பக்கம் கையைக் காட்டி, "இப்ப என் அக்கா" என்றான். தாளம் ஆரம்பித்தது. நான் ஊசியை வைத்தேன்.

முதல் சில நொடிகள் கூட்டம் அசையாமல் நின்றது. அப்புறம் ஒருவன் தலையை ஆட்டினான். அவன் பக்கத்தில் இருந்தவள் கையைத் தூக்கினாள். ஒரு நிமிடத்துக்குள் மொத்தக் கூட்டமும் குதித்தது. என் காலடியில் எங்களை நோக்கி வைத்திருந்த ஸ்பீக்கரில் அந்தப் பெண்மணி கதறிக்கொண்டிருந்தாள், மறுபடி, மறுப, மறு, சொ, சொல். நான் கையை வேகமாக்க வேகமாக்க அவர்களும் வேகமாகக் குதித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. தம்பி என்னைப் பார்த்தான், பிறகு எதிரே கூடாரத்தைப் பார்த்து ஏதோ சைகை காட்டினான். என் அக்காவைப் பாருங்கள் என்று காட்டுகிறான் என நினைத்தேன். முகமூடிக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினேழு வருடத்துக்கு இது போதும் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் கணக்கை முடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்ததும் தம்பி கட்டிப்பிடித்து, "சூப்பர்க்கா" என்றான். சொல்லும்போது என் செருப்பைப் பார்த்துச் சொன்னான். கூட்டத்தில் நின்றிருந்த என் கணவர் வந்தார். அதிகம் பேசாதவர் அன்று தானாகவே சொன்னார்: "உண்மையச் சொல்றேன், உன் வாசிப்பு முதல் தடவையா எனக்குப் பிடிச்சிருந்தது."

அந்த ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. காது சோதிக்க வருகிறவர்கள் ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் என் கையில் அகப்படுவார்கள். தப்பிக்க வழியில்லை. ஜனங்களுக்கு உயர்ந்த கலை புரியாது என்று சொல்கிறவர்கள் முட்டாள்கள், புரியும்படி வைக்கத் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியிடமே தீர்ப்புச் சொன்னேன். முந்தின மாதம்வரை அப்படிச் சொன்னவள் நான்தான். கூட்டத்தில் இருந்தவர்கள் போனில் எடுத்த வீடியோக்களைத் தேடிப் பிடித்து இருபது முப்பது பார்த்தேன். எதிலும் என் ஸ்கிராட்ச் கேட்கவில்லை, தாளம்தான் கேட்டது. போன் மைக்குக்கு அவ்வளவு நுணுக்கத்தைப் பிடிக்கத் தெரியாது என்று கணவருக்கு விளக்கினேன். நான் காதுத் துறையைச் சேர்ந்தவள் என்பதால் அவரும் நம்பினார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை காதுச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றார். படிவத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஒலியமைப்பு மேடம். கச்சேரி, கூட்டம், கடை திறப்பு எல்லாத்துக்கும் போவோம்."

"சத்தத்துல இருக்கும்போது காதுக்கு ஏதாவது மாட்டுவீங்களா?"

"எப்பவும். காது போனா சோறு போச்சு."

"சமீபத்துல திடீர்னு பெரிய சத்தமோ வித்தியாசமான சத்தமோ கேட்டுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெரிய சத்தம் இல்ல. ஆனா ஒரு மாசமா ஒண்ணு என்னைக் குடைஞ்சிட்டே இருக்கு மேடம். அந்தப் புது மால்ல ஒரு ராப் ப்ரோக்ராம். எல்லாம் நல்லாப் போய்ட்டு இருந்தது. திடீர்னு ஒரு லைன்ல கரகரன்னு, கீச்சு கீச்சுன்னு ஒரே இரைச்சல். ஒயர் பிஞ்சிருச்சு போலன்னு நினைச்சேன்."

என் பேனா நின்றது. "எந்த லைன்ல?"

"ஓரமா ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க, முகமூடி போட்டுக்கிட்டு. அவங்க லைன்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உடனே அடைச்சிட்டேன். அஞ்சு செகண்ட்கூட ஆகியிருக்காது. வெறும் தாளத்த மட்டும் தூக்கிவிட்டேன், ஜனம் பின்னிருச்சு. யாருக்கும் எதுவும் தெரியல." அவர் முகத்தில் தொழில்காரருக்கே உரிய அடக்கமான பெருமை இருந்தது. "மேடை மேல இருக்கிற ஸ்பீக்கர் தனி, அதுல என்ன கேட்டுதோ தெரியல. பாடுறவர்கூட என்னைப் பாத்துக் கையக் காட்டினார், நல்லா சமாளிச்சீங்கன்னு. முடிஞ்சதும் எல்லா ஒயரையும் கழட்டிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அதான் எனக்குப் புரியல. ஒருவேளை என் காதுதான் கோளாறோன்னு ஒரு பயம்."

அறைக்குள் உட்காருங்கள் என்றேன். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். வெளியே வந்து மெஷின் முன் உட்கார்ந்து, என் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதருக்குக் காது கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

எல்லாம் கேட்டது அவருக்கு. இலை விழுகிற அளவு சத்தத்துக்கும் பொத்தானை அமுக்கினார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். இரண்டு கோடும் மேசை விளிம்பு மாதிரி நேராக ஓடின. சில சமயம் மெஷின் தப்பாகக் காட்டும் என்று சொல்லி இன்னொரு முறை சோதித்தேன். இரண்டாவது முறை இன்னும் நன்றாகக் கேட்டது. இருபது வருடத்தில் அப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை.

கதவைத் திறந்து, "உங்க காது ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"அப்ப அந்தக் கோளாறு?"

"அது கோளாறு இல்ல. அது நான்."

அவர் கையில் இருந்த பொத்தானைத் தன்னையறியாமல் அமுக்கினார். வெளியே என் மெஷினில் விளக்கு எரிந்து அணைந்தது.

"மேடம், அப்ப அது..." என்று தயங்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "வேணும்னே செஞ்சதா?"

வீட்டுக்குப் போனதும் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அன்னிக்கு நான் வாசிச்சது உங்களுக்குப் பிடிச்சிருந்ததுன்னு சொன்னீங்களே, என்ன கேட்டுது உங்களுக்கு?"

"டும் டும்னு சீரா, நல்லா இருந்துச்சு."

"அது லாப்டாப். என் லைன அடைச்சிட்டாங்களாம்."

அவர் வெகுநேரம் யோசித்தார். "அப்ப நான் சொன்னதத் திரும்ப வாங்கிக்கணுமா?"

தம்பிக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவன் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாடா?"

"தெரியும்க்கா. திறந்து விடச் சொல்லித்தான் கையக் காட்டினேன். அவருக்குப் புரியல."

"ஏன் சொல்லல?"

"நீ மேடையிலேர்ந்து இறங்கி முகமூடியக் கழட்டினப்ப உன் முகத்த நீ பாக்கல. நான் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

நான் கத்தினேன். இதுதான் உங்கள் வியாபார உலகம், தாளத்தைத் தூக்கிவிட்டால் போதும், கலை இருந்தால் என்ன செத்தால் என்ன என்று பத்து நிமிடம் விடாமல் கத்தினேன். அவன் முழுதும் கேட்டான். பிறகு கேட்டான்: "அக்கா, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. என் பாட்டுல ஏதாவது ஒண்ண முழுசாக் கேட்டிருக்கியா?"

"அதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

"சரிக்கா" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அன்று தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் துலக்கும்போதுதான் அது உறைத்தது. பதினேழு வருடமாக நான் கிழித்துத் தொங்கவிட்ட பாட்டுகளில் ஒன்றைக்கூட முதல் அரை நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை. அஞ்சு நொடியில் என்னை அடைத்துவிட்டார் என்று அந்த மனிதர்மேல் கோபம். அவராவது ஒயரைக் கழற்றிப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையில் சோதனை அறைக்குள் நானே போய் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தம்பியின் முப்பத்தோரு பாட்டுகளையும் வரிசையாகக் கேட்டேன். பெரும்பாலானவை மட்டம். அதில் எனக்குப் பெரிய நிம்மதி. கார் வருகிறது, கண்ணாடி போட்டுக்கொள்கிறான், வந்துவிட்டேன் என்கிறான். ஆனால் மூன்றாவது நாள் ஒன்றைக் கவனித்தேன். எல்லாப் பாட்டிலும் மூன்றாவது சரணம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. செருப்புக் கடையில் அந்த இடம் வரைக்கும் பாட்டு ஓடாது. அதற்குள் அடுத்த பாட்டை மாற்றிவிடுவார்கள். யாரும் எட்டிப் பார்க்காத அந்த மூலையில் உட்கார்ந்து அவன் எழுதியிருந்தான். ஒன்றில் வங்கி வரிசையில் நிற்கும் ஆள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பற்றி மட்டுமே பாடுகிறான். இன்னொன்றில் ஒரே மூச்சில் பதினாறு வரி, எந்த வரியும் தாளத்தின் தலையில் விழாமல், தப்பித் தப்பி விழுகிறது. அதைச் செய்ய எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று தெரிகிற சில பேரில் நான் ஒருத்தி. எல்லா மூன்றாவது சரணத்திலும் நடுவில் சின்னதாக ஒரு இடைவெளி வேறு இருந்தது. வாய் மூடிவிடும், தாளம் மட்டும் ஓடும்.

ஆறாவது நாள் போன் செய்தேன்.

"அந்த இடைவெளி எதுக்குடா?"

"எந்த இடைவெளி?"

"மூணாவது சரணத்துல."

அவன் சிரித்தான். "பழக்கம்க்கா. உனக்கு இடம் விட்டே எழுதிப் பழகிட்டேன். கம்பெனிக்காரங்க அத என்னோட ஸ்டைல்னு சொல்றாங்க. நானும் விட்டுட்டேன்."

நான் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். அறைக்குள் இருந்ததில் ஒரு வசதி, மூக்கைச் சிந்தினால்கூட வெளியே கேட்காது.

ஒலியமைப்பாளர் சான்றிதழ் வாங்க மறுபடி வந்தார். வந்ததுமே மன்னிப்புக் கேட்டார். அதைவிட எனக்கு வேறு ஒன்று தேவைப்பட்டது. "ஒரு ரெண்டரை நிமிஷம் உக்காருங்க" என்று அறைக்குள் தள்ளி, வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்த என் வாசிப்பைப் போட்டேன். கண்ணாடி வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் முன் நிற்கிற மாதிரி இருந்தது.

வெளியே வந்து, "உண்மையச் சொல்லலாமா மேடம்?" என்றார்.

"அதுக்குத்தான் உக்கார வெச்சேன்."

"கை ரொம்ப சுத்தமா இருக்கு. ஆனா கேக்குறவனுக்கு உள்ள வர வழி இல்ல. ஒண்ணு புரியறதுக்குள்ள இன்னொண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணு. எனக்கு என்னமோ நீங்க யாருக்கோ பதில் சொல்ற மாதிரி இருந்துச்சு, சண்டையில."

நான் நோட்டைத் திறந்தேன், அவர் மேலே சொன்னார்.

"ஒரே ஒரு இடம். ரெண்டாவது நிமிஷம் தாண்டி, அந்தம்மா 'சொல்லுங்க'ன்னு சொல்றத நீங்க மெதுவா இழுத்து, கேள்வி மாதிரி ஆக்கி, அப்புறம் கெஞ்சுற மாதிரி ஆக்குறீங்க. அங்க நான் பதில் சொல்ல வாயத் திறந்துட்டேன். எட்டு செகண்ட் இருக்கும்."

பதினோரு வகையில் அது மிக எளிய வகை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்வது. இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவர் காது அறிக்கையை எடுத்து ஒருமுறை பார்த்தேன், ஏதாவது புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டேனா என்று. மூன்றாவது நாள் உட்கார்ந்து அந்த எட்டு நொடியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டேன்.

தம்பியின் அடுத்த பாட்டில், மூன்றாவது சரணத்தின் இடைவெளியில், அந்த எட்டு நொடி உட்கார்ந்தது. பாட்டு கார் பற்றியதுதான். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. சொன்னேன், அவன் மாற்றவில்லை. பாட்டு ஓடியது. மூன்றாவது சரணம் வரை வழக்கம்போல யாரும் போகவில்லை. போன ஒன்றிரண்டு பேர், பைல் சரியாக இறங்கவில்லை, நடுவில் சிக்குகிறது என்று எழுதினார்கள்.

பிறகு ஒரு டயர்க் கடை திறப்பு. பிற்பகல் மூன்று மணி, நாற்பது ஐம்பது பேர், அதில் பாதி கடை ஊழியர்கள். அதே ஒலியமைப்பாளர்தான். இந்த முறை முகமூடி இல்லாமல் போனேன். ஒலிச் சோதனையில் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் என் லைனுக்கு மேலே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 'தொடாதே' என்று எழுதிவைத்தார்.

தம்பி பாடினான். மூன்றாவது சரணத்தில் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தட்டை மெதுவாக இழுத்தேன். சொல்லுங்கள். சொல்லு... சொல்லுங்கள்? யாரும் குதிக்கவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. முன்னால், கை முழுக்கக் கறுப்பாக இருந்த மெக்கானிக் ஒருவர் டயரை உருட்டிக்கொண்டு போனவர் நின்றார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "என்னாச்சு?" என்று கேட்டார்.

"யாரோ ஏதோ கேக்குறாங்கப்பா" என்றார் மெக்கானிக். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனார்.

எனக்குக் கிடைத்த விமர்சனம் அவ்வளவுதான். அதை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் ஸ்டுடியோவுக்குப் போகிறேன். அவன் பாட்டை மட்டம் என்று சொல்வதை நிறுத்தவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதனால் இப்போது நேரம் அதிகமாகிறது. போன வாரம் அவன் கம்பெனியின் மேனேஜர் வந்திருந்தார். என் டர்ன்டேபிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே, போன்ல வர்ற மாதிரி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி ஹிப்-ஹாப் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். முன்னால் நின்றவன் தட்டுக்காரன் என்ற இடம் வந்தபோது அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு வெளியே போனார். பாதியில் விட மனம் வரவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மைக்கின் முன் குனிந்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.